மூன்று மரத்து இலை

வெள்ளிமலை,
15.7.1996

அன்புள்ள தம்பி காசிநாதனுக்கு,

இன்று காலை எழுந்ததும் முகம்கூடக் கழுவாமல் முதல் வேலையாக டார்ச்சை எடுத்துக்கொண்டு பள்ளிக்குப் பின்னால் இருக்கும் பலாமரத்தடிக்குப் போனேன். நீ கேட்டிருந்தாயே, பொந்தில் எத்தனை சிலந்தி என்று. வெயில் ஏறிவிட்டால் அவை உள்ளே போய்விடும். மணி அடிப்பதற்குள் எண்ணிவிட்டேன். தாய் ஒன்று, என் உள்ளங்கை அகலம். பிள்ளைகள் ஆறு. பிள்ளைகள் என்றாலும் ஒவ்வொன்றும் ஐந்து ரூபாய் நாணயத்தைவிடப் பெரியவை. வாசலில் ஒரு கரப்பான்பூச்சியைத் தாய் பிடித்து வைத்திருந்தது. மூன்று பிள்ளைகள் அதே கரப்பானில் வாய் வைத்திருந்தன. தாய் விலக்கவில்லை. பதினோரு வருடமாக இந்த உறைவிடப் பள்ளியில் அறிவியல் நடத்துகிறேன். சிலந்தி என்றால் தனியாக இருக்கும், கிட்டே வந்ததைத் தின்னும் என்றுதான் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன். இன்று வகுப்பில் அதைத் திருத்திச் சொன்னேன்.

இந்தப் பொந்தை எனக்குக் காட்டியவர் சடையன். வனத்துறையில் தினக்கூலித் தீக்காவலர். ஒன்பது வருடமாகக் கோடையில் காட்டுக்குத் தீ வராமல் பார்க்கிறவர். நிரந்தரம் செய்வதற்கான பட்டியலில் இந்த வருடம்தான் அவர் பெயர் ஏறியிருக்கிறது. நீ வேலை பார்க்கும் கண்காட்சிக் கூடத்துக்கு வந்த அனுமதித் தாளை அவரிடம் படித்துக் காட்டினேன். ஒரு பொந்து, ஏழு உயிர். சரியாக இருக்கிறது. அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், உனக்குப் பயன்படும்:

"ஒரு பொந்துன்னா ஒரு வூடுங்க டீச்சரம்மா. தாயும் புள்ளையும் ஒண்ணாத் துன்னும், ஒண்ணாத் தூங்கும். வேற பொந்து ஆளக் கொணாந்து உள்ள வுட்டா அவ்ளோதான், ஒண்ண ஒண்ணு துன்னுடும்."

மூங்கில் குழாயில் ஒவ்வொன்றாக விட்டு, அந்த மரத்து இலையையே சுருட்டி வாயை அடைப்பது அவர் வழக்கம். எந்த மரத்து உயிரோ அந்த மரத்து இலை. எழுதப் படிக்கத் தெரியாதவர் ஒட்டும் சீட்டு அதுதான்.

சென்னை மழையைப் பேப்பரில் பார்த்ததிலிருந்து கவலையாக இருந்தது. வீட்டுக்குள் தண்ணீர் வரவில்லையே? குழந்தைகளுக்குச் சளி விட்டதா? உன் மாமா ஞாயிறுதோறும் மூங்கில்துறைப்பட்டிலிருந்து வீட்டுக்கு வந்து போகிறார். சர்க்கரை மில்லில் இப்போது பராமரிப்பு வேலை. நீ அடுத்த மாதம் சின்னசேலம் ஸ்டேஷனில் இறங்கினால் நானே கூடையோடு வந்து நிற்கிறேன்.

உன் அக்கா,
செவ்வந்தி


சென்னை,
28.8.1996

அன்பு அக்காவுக்கு,

நலம். நீ, மாமா நலம் என்றே நம்புகிறேன். குழந்தைகள் அத்தை கொடுத்தனுப்பிய தேனைக் காலி செய்துவிட்டார்கள்.

ஏழு பேரும் சுகம். ஆளுயரக் கண்ணாடிப் பெட்டி, உள்ளே மரப்பட்டை, ஈரத்துக்குத் தேங்காய் நார். முதல் வாரமே கூட்டம் தாங்கவில்லை. பாம்பைப் பார்க்க வருகிறவர்கள்கூட இங்கே வந்து நின்றுவிடுகிறார்கள். தாய் முன்கால்களைத் தூக்கி அடியில் இருக்கும் மஞ்சளைக் காட்டும்போது பெண்கள் அலறுகிறார்கள், பிறகு இன்னொரு முறை பார்க்க வருகிறார்கள். முதலாளிக்கு ஒரே சந்தோஷம். இந்தப் பகுதிக்கு என்னையே பொறுப்பாளராகப் போட்டுவிட்டார்.

ஒரே குறை, பெட்டி பெரிது, ஏழு போதவில்லை. பாதி நேரம் பட்டைக்குப் பின்னால் போய்விடுகின்றன. இன்னும் ஐந்து வேண்டும், அக்கா. "ஒரே கூரையில் பன்னிரண்டு" என்று பெரிய பலகை எழுதக் கொடுத்துவிட்டேன். கீழே "கள ஆய்வு: செவ்வந்தி, பி.எஸ்ஸி., விலங்கியல்" என்று போடச் சொல்லியிருக்கிறேன். கல்லூரியில் முதல் வகுப்பு வாங்கியவள் மலைமேல் எழுத்து கற்றுக்கொடுத்துக்கொண்டு இருக்கிறாளே என்று எனக்கு எப்போதும் ஒரு வருத்தம்.

அனுமதியைப் பற்றிக் கவலைப்படாதே. அது பின்னால் வந்துவிடும், பேசியாகிவிட்டது. உன் சடையனிடம் நீ ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

அன்புத் தம்பி,
காசி


வெள்ளிமலை,
22.9.1996

அன்புள்ள காசிக்கு,

இங்கே எல்லோரும் சுகம். காலாண்டுத் தேர்வு முடிந்து பிள்ளைகள் ஊருக்குப் போய்விட்டார்கள். பள்ளிக்கூடம் வெறிச்சென்று இருக்கிறது. உங்கள் வீட்டில் அனைவரும் நலம்தானே?

நீ கேட்ட ஐந்தை உன் மாமாவிடம் கொடுத்திருக்கிறேன். மில் வேலையாகச் சென்னை வருகிறார். கள்ளக்குறிச்சியிலிருந்து பஸ்ஸில் மடியிலேயே கூடையை வைத்துக்கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறார். பக்கத்தில் உட்காருகிறவர் கேட்டால் மூலிகை என்று சொல்வாராம்.

சடையன் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. "தாளு எங்கங்க?" என்று கேட்டார். பின்னால் வருகிறது, கேட்பது என் தம்பிதான் என்றேன். அவர் மரத்தை ஒருமுறை அண்ணாந்து பார்த்தார். "நீங்க சொல்றீங்க. சரிங்க" என்று சொல்லிவிட்டு ஏறினார். அந்தத் தாளை நீ சீக்கிரம் அனுப்ப வேண்டும். எனக்காக இல்லை, அவருக்காக.

இப்போது நான் எழுதுவதைக் கவனமாகப் படி. ஒரே பொந்தில் ஐந்து கிடைக்கவில்லை. புளியமரத்தில் மூன்று, ஓடைக்கரை மருதமரத்தில் இரண்டு. குழாயின் வாயில் புளியிலை இருந்தால் புளியமரத்தது. மருத இலை இருந்தால் மருதமரத்தது. முன்பு வந்த ஏழும் பலா. மூன்று மரம், மூன்று வீடு, மூன்று பெட்டி. ஒன்றோடு ஒன்றைச் சேர்க்காதே. இலை காய்ந்து உதிர்ந்துவிட்டால் குழப்பம் வரும் என்று குழாயில் மசியாலும் எழுதப் பார்த்தேன். பச்சை மூங்கிலில் மசி பிடிக்கவில்லை. ஆகவே இலைதான் அடையாளம்.

பலகையில் என் பெயரைப் பற்றி எழுதியிருந்தாய். அதெல்லாம் எதற்கு என்று எழுத நினைத்தேன். போடுவதானால் இனிஷியலோடு சரியாகப் போடச் சொல்.

அன்புடன்,
செவ்வந்தி


சென்னை,
6.10.1996

அன்பு அக்காவுக்கு,

மாமா பத்திரமாக வந்து சேர்ந்தார். அவரும் நலம், கூடையும் நலம். இரண்டு நாள் இருக்கச் சொன்னேன், கேட்கவில்லை. அரவை தொடங்கப் போகிறதாம்.

நீ அனுப்பிய கூடையைத் திறந்தால் ஒரே சருகு. உன் சடையன் சிலந்தி அனுப்பினாரா, எரு அனுப்பினாரா என்று இங்கே எல்லோரும் சிரித்தார்கள். குழாய்களை உதறி, இலையை எல்லாம் குப்பையில் கொட்டிவிட்டு, ஐந்து பேரையும் பழைய ஏழு பேரோடு ஒரே பெட்டியில் குடிவைத்துவிட்டேன். மூன்று பெட்டி என்று நீ எழுதியிருந்ததைப் படித்தேன். மூன்று பெட்டிக்கு இங்கே இடம் ஏது? ஜனங்கள் பன்னிரண்டையும் ஒரே இடத்தில் பார்க்கத்தான் வருகிறார்கள். எல்லாம் ஒரே இனம்தானே, பழகிவிடும். முதல் நாள் இரவு கொஞ்சம் ஓடிப்பிடித்து விளையாடின. இப்போது அமைதி.

பலகை மாட்டியாகிவிட்டது. உன் பெயர் நான்காவது வரியில். போட்டோ எடுத்து அனுப்புகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். மலையில் பனி ஆரம்பித்திருக்கும்.

காசி


வெள்ளிமலை,
12.10.1996

காசிக்கு,

நாங்கள் நலம். உன் நலம் அறிய ஆவல் என்று வழக்கம்போல எழுதத்தான் உட்கார்ந்தேன். அது வரவில்லை.

சேர்க்காதே என்று எழுதியிருந்தேன். படித்தேன் என்கிறாய். படித்துவிட்டும் சேர்த்திருக்கிறாய். இதற்கு நான் எழுதாமலே இருந்திருக்கலாம். ஒரு மனிதர் முப்பதடி மரத்தில் ஏறி, ஒவ்வொரு குழாய்க்கும் அதனதன் இலையைத் தேடிச் சுருட்டி வைத்தது உங்களுக்குச் சிரிப்பாக இருக்கிறது. எரு என்றார்களாம், நீயும் சேர்ந்து சிரித்தாயாம்.

ஓடிப்பிடித்து விளையாடின என்று எழுதுகிறாயே, எந்தச் சிலந்தி விளையாடும்? நீயும் விலங்கியல் படித்தவன்தான். கல்லூரி ரெக்கார்டு நோட்டில் படங்களை நான்தான் உனக்கு வரைந்து கொடுத்தேன், ஆனாலும் படித்தவன்.

உடனே பிரித்து வை. எது எந்த மரத்தது என்று இனிமேல் உனக்குத் தெரியாது. இலையைக் கொட்டிவிட்டாயே. அதனால் ஒவ்வொன்றையும் தனித்தனியாக ஜாடியில் போடு. பெட்டி அழகாக இல்லாவிட்டால் போகட்டும். பட்டையின் எந்தப் பக்கம் எத்தனை ஒன்றாக உட்காருகின்றன, எவை மூலையில் ஒதுங்குகின்றன என்று பார்த்து எழுது. ஒதுங்குகிறவைதான் புதியவை.

அனுமதித் தாள் இன்னும் வரவில்லை.

செவ்வந்தி


வெள்ளிமலை,
17.11.1996

அன்புள்ள காசிக்கு,

ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. உன்னிடமிருந்து வந்தது தீபாவளி வாழ்த்து அட்டை ஒன்றுதான். "நலமே விளைக" என்று அச்சடித்திருந்ததற்குக் கீழே உங்கள் நான்கு பேர் கையெழுத்து. சின்னவன் தன் பெயரைத் தலைகீழாக எழுதியிருந்தான். அதைப் பார்த்துச் சிரித்தேன். பிறகு அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், ஒரு வரியாவது இருக்குமா என்று.

இங்கே மழை. இரண்டு நாளாகப் பஸ் மேலே ஏறவில்லை. சடையன் பாதையில் விழுந்த மரத்தை அறுத்துப் போட்டுவிட்டு வரும் வழியில் பள்ளியில் நின்றார். "பட்டணத்துல நம்ம ஆளுங்க இன்னா பண்றாங்க?" என்று கேட்டார். சிலந்திகளைத்தான் கேட்கிறார். நன்றாக இருக்கின்றன என்று சொன்னேன். எதை வைத்து அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை.

எத்தனை இருக்கின்றன என்று மட்டும் எழுது.

உன் அக்கா


சென்னை,
29.11.1996

அன்பு அக்காவுக்கு,

கோபத்தைக் குறை. ரத்த அழுத்த மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா? எனக்குப் பத்து நாள் காய்ச்சல். பெரியவளுக்குப் பள்ளியில் ஓட்டப் பந்தயத்தில் இரண்டாம் பரிசு. பக்கத்து வீட்டில் தண்ணீர்க் குழாய் உடைந்து தெருவே குளமாகிவிட்டது. இதற்கு நடுவில் எழுத நேரம் எங்கே?

இங்கே எல்லாம் நல்லபடியாகப் போகிறது. மழையிலும் கூட்டம் குறையவில்லை. நம் ஆட்கள் நன்றாகச் சாப்பிட்டு வளர்ந்து, பழைய சட்டையை உரித்துக்கொண்டே இருக்கிறார்கள். வாரத்துக்கு ஒரு சட்டை கிடக்கிறது பெட்டியில். உன் வகுப்புப் பிள்ளைகளுக்குக் காட்ட ஒன்றைத் தீப்பெட்டியில் வைத்து இதோடு அனுப்புகிறேன். சுகமாக இருக்கிறதற்கு அதைவிடச் சாட்சி வேண்டுமா?

பொங்கல் விடுமுறையில் வெளியூர்க் கூட்டம் வரும். ஒரு நாலைந்து கையிருப்பு இருந்தால் நல்லது என்று முதலாளி நினைக்கிறார். எந்த மரமானாலும் பரவாயில்லை. சடையன் ஓய்வாக இருக்கும்போது பார்க்கச் சொல்.

மாமாவுக்கு வணக்கம்.

காசி


வெள்ளிமலை,
5.12.1996

காசிக்கு,

காய்ச்சல் முழுதாக விட்டதா? இன்னும் பத்து நாளைக்குக் குளிர்ந்த தண்ணீரில் குளிக்காதே.

தீப்பெட்டி வந்தது. எட்டாம் வகுப்பில் முப்பது பிள்ளைகளை மேஜையைச் சுற்றி நிற்க வைத்துவிட்டுத்தான் அதைத் திறந்தேன். அறிவியல் டீச்சரின் தம்பி பட்டணத்திலிருந்து அனுப்பியது என்று பெருமையாகச் சொல்லிவிட்டு.

அது சட்டை இல்லை.

உரித்த சட்டை எப்படி இருக்கும் என்று உனக்கு நான் எழுத வேண்டியிருக்கிறது. முதுகு ஓடு டப்பா மூடிபோல ஒரு பக்கம் திறந்திருக்கும். எட்டுக் காலும் உள்ளே காற்றாக, முழுசாக இருக்கும். விரித்து வைத்தால் உயிருள்ள சிலந்தி என்று ஏமாறலாம். நீ அனுப்பியது பட்டாணி அளவில் ஓர் உருண்டை. குத்தூசியால் பிரித்தேன். மூன்று கால் துண்டுகள் மென்று கசங்கியிருந்தன. ஓடு மூடியிருந்தபடியே நசுங்கியிருந்தது. கரப்பானைத் தின்று முடித்ததும் அவை வாசலில் துப்பிவிட்டுப் போகுமே, அந்த உருண்டை. ஒரு கால் துண்டில் மஞ்சள் அப்படியே இருந்தது.

"டீச்சர், இத இன்னொன்னு துன்னிருக்குது டீச்சர்" என்று ஒரு பெண் சொன்னாள். மலையில் பிறந்தவள், அவளுக்குப் பார்த்ததும் தெரிந்துவிட்டது.

வாரத்துக்கு ஒன்று கிடக்கிறது என்று நீயே எழுதியிருக்கிறாய். அக்டோபர் ஆறிலிருந்து எட்டு வாரம். தெரியாமல் அனுப்பினாயானால் அந்த நாற்காலியில் நீ உட்காரக் கூடாது. தெரிந்தே அனுப்பினாயானால், அதை என்னிடம், என் பிள்ளைகளிடம் காட்டச் சொல்லி அனுப்ப உனக்கு எப்படி மனது வந்தது? தின்று போனதற்கு ஈடு கட்டத்தான் கையிருப்பா? இனி ஒரு சிலந்தியும் இங்கிருந்து இறங்காது.

எத்தனை மிச்சம் இருக்கின்றன? ஒரு எண், அவ்வளவுதான் கேட்கிறேன்.

செவ்வந்தி


சென்னை,
4.1.1997

அக்காவுக்கு,

அனைவரும் நலம். பொங்கலுக்கு வர முடியாது.

சென்ற வாரம் ஓர் அதிகாரி வந்து அனுமதித் தாளையும் பெட்டியையும் பார்த்துவிட்டுப் போனார். சில கேள்விகள் கேட்டார். நான் பார்த்துக்கொள்கிறேன், நீ கவலைப்பட வேண்டாம். பலகையை இப்போதைக்குக் கழற்றி வைத்திருக்கிறோம். அதனால் போட்டோ எடுக்க முடியவில்லை.

இனிமேல் இந்த விஷயத்தைப் பற்றிக் கடிதத்தில் எழுத வேண்டாம். உனக்குத்தான் வந்த தாளை எல்லாம் தகரப் பெட்டியில் சேர்த்து வைக்கும் பழக்கம் உண்டே. மலையில் கரையான் ஜாஸ்தி. பழைய கடிதங்களை அடுப்பில் போட்டுப் பெட்டியைக் காலி செய். போகியும் வருகிறது.

மாமாவை விசாரித்ததாகச் சொல்.

காசி


வெள்ளிமலை,
1.2.1997

காசிநாதனுக்கு,

உன் குடும்பம் நலமாக இருக்கட்டும். குழந்தைகள்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

நேற்று சடையனின் மனைவி ஆண்டாள் பள்ளிக்கு வந்தார். முந்தானையில் முடிந்து வைத்திருந்த ஒரு தாளை என்னிடம் நீட்டிப் படிக்கச் சொன்னார். வனச்சரக அலுவலகத்திலிருந்து சடையனுக்கு வந்த தாள். நீ அதிகாரிக்கு எழுதிக் கொடுத்ததும் அதில் இருந்தது. நான் வாய்விட்டுப் படித்தேன். உன் பெயர் வரும் வரைக்கும் வாய்விட்டுத்தான் படித்தேன்.

நீ எழுதியிருப்பதை உனக்கே ஒருமுறை எழுதிக் காட்டுகிறேன். தினக்கூலிக் காவலர் சடையன், அனுமதிக்கு மேற்பட்டுத் தாமாகவே ஐந்து சிலந்திகளைப் பிடித்து அனுப்பினார். எல்லாம் ஒரே பொந்தில் பிடித்தவை என்று தவறான தகவல் கொடுத்தார். மர அடையாளம் எதுவும் இல்லாமல் வந்ததால் அவற்றைப் பிரித்து வைக்க வழியில்லாமல் போய், அதன் காரணமாக ஒன்பது உயிர்கள் இறந்தன. ஒப்பம், காசிநாதன், பகுதிப் பொறுப்பாளர்.

ஒன்பது. மிச்சம் மூன்று. இரண்டு மாதமாக உன்னிடம் நான் கேட்ட எண். அது எனக்கு இப்படி வந்து சேர்ந்தது.

சடையனை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். பத்தொன்பதாம் தேதி புதன்கிழமை நேரில் போய் விளக்கம் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் பட்டியலிலிருந்து பெயர் போகும். முதல் தடவை கூப்பிட்டுக் கேட்டபோது என்ன நடந்தது என்று ஆண்டாள் சொன்னார். யார் சொல்லிப் பிடித்தாய் என்று அதிகாரி கேட்டாராம். "நாந்தாங்க புடிச்சேன்" என்றாராம். சொன்னது யார் என்று மறுபடியும் கேட்டபோதும், "மரத்துல ஏறனது நாந்தாங்க" என்று அதையே சொல்லியிருக்கிறார். மூன்று முறை கேட்டும் என் பெயர் அவர் வாயிலிருந்து வரவில்லை.

ஆண்டாள் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தாளை வாங்கி மறுபடி முடிந்துகொண்டே, "எங்க வூட்டுக்காரருக்குக் கையெழுத்துகூடப் போடத் தெரியாதுங்க. படிச்சவங்க எழுதன லெட்டர்ல அவரு பேரு இன்னாத்துக்குங்க ஏறிச்சி?" என்று கேட்டார். தண்ணீர் குடிக்கிறீர்களா என்று கேட்டேன்.

சாயங்காலம் அவர்கள் வீட்டுக்குப் போனேன். சடையன் சாமை புடைத்துக்கொண்டிருந்தார். ஏன் என் பெயரைச் சொல்லவில்லை என்று கேட்டேன். "நீங்க கேட்டீங்க, நான் ஏறனேன். பொந்துல பூந்தது என் கையிதானே" என்றார். பிறகு அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "எலைய வெச்சனே டீச்சரம்மா. எலைய அவங்க பாக்கலியா?"

பார்த்தார்கள், பார்த்துச் சிரித்தார்கள், குப்பையில் கொட்டினார்கள் என்று அவரிடம் எப்படிச் சொல்வது? நீயே சொல். மர அடையாளம் எதுவும் இல்லாமல் வந்தது என்று எழுதும்போது உன் பேனா நிற்கவில்லையா?

நீயே அந்த அலுவலகத்துக்கு இன்னொரு கடிதம் எழுதி, முதலில் எழுதியது தவறு என்று சொல். புதன்கிழமைக்கு இன்னும் பதினெட்டு நாள் இருக்கிறது.

செவ்வந்தி


சென்னை,
10.2.1997

அன்பு அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. நீ இவ்வளவு கடுமையாக எழுதுவாய் என்று நினைக்கவில்லை.

நான் என்ன செய்ய முடியும்? அதிகாரி கேட்கிறார், முதலாளி முறைக்கிறார். யாராவது ஒருவர் பெயரை எழுதித்தான் ஆக வேண்டும். யோசித்துப் பார், அந்த இடத்தில் உன் பெயரை எழுதியிருந்தால்? உன்னைக் காப்பாற்றத்தான் அவர் பெயரை எழுதினேன். நீ அரசாங்கச் சம்பளத்தில் இருப்பவள். அனுமதி இல்லாமல் பிடித்து வரச் சொன்னது நீ. அது வெளியே வந்தால் உன் வேலைக்கும் ஆபத்து, என் வேலையும் போகும். சடையனுக்கு என்ன, தினக்கூலிதானே. மலையில் காப்பித் தோட்டத்தில் ஆள் கேட்கிறார்கள் என்று நீயே ஒருமுறை எழுதியிருக்கிறாய்.

அம்மா போனபோது எனக்கு ஏழு வயது. உன் கையால்தான் சாப்பிட்டு வளர்ந்தேன். நீ என்னை விட்டுக் கொடுக்க மாட்டாய் என்று தெரியும்.

நான் எழுதியது எதுவும் உன்னிடம் இல்லைதானே? போகியில் போட்டுவிட்டேன் என்று ஒரு வரி எழுது. நிம்மதியாக இருக்கும்.

குழந்தைகள் அத்தையைக் கேட்கிறார்கள்.

உன் தம்பி,
காசி


வெள்ளிமலை,
18.2.1997

அன்புள்ள காசிக்கு,

உனக்குக் கார்டு எழுதித் தபாலில் போட்டாகிவிட்டது. "கடிதம் கிடைத்தது. இங்கு யாவரும் நலம். உடம்பைக் கவனித்துக்கொள்." அவ்வளவுதான். இந்தத் தாளும் உன் பெயரில்தான் ஆரம்பிக்கிறது. இதை நான் அனுப்பப் போவதில்லை. இருபத்தைந்து வருடமாக மனதில் இருப்பதை உனக்கு எழுதித்தான் பழக்கம், வேறு யாருக்கு எழுதுவது என்று தெரியவில்லை.

உன்மேல் உள்ள கோபம் ஆறவில்லை. "தினக்கூலிதானே" என்ற உன் சொல்லை நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது. ஆனால் சில நாளாக நான் அதைவிட அதிகமாக நினைத்துக்கொண்டிருப்பது வேறு ஒன்று. செப்டம்பரில் சடையன் தாள் எங்கே என்று கேட்டபோது நான் ஏன் அவ்வளவு அவசரப்பட்டேன்? தம்பி கேட்டான் என்பதற்காக மட்டும் இல்லை. நான்காவது வரியில் என் பெயர். செவ்வந்தி, பி.எஸ்ஸி., விலங்கியல். அந்தப் பலகையை நான் பார்த்ததே இல்லை. ஆனால் எழுத்து என்ன நிறம், எவ்வளவு பெரியது என்று மனதுக்குள் எத்தனை முறை எழுதிப் பார்த்திருக்கிறேன். இனிஷியலோடு போடச் சொன்னேன், காசி. அவர் முப்பதடி உயரத்தில் பொந்துக்குள் கையை விட்டது அதற்காக.

நீ என்னைக் காப்பாற்றினேன் என்கிறாய். அவரும் என்னைக் காப்பாற்றினார். இரண்டும் ஒன்று என்று உனக்குத் தோன்றுகிறது.

நேற்று உன் மாமா வந்திருந்தார். அரவைக் காலத்தில் லீவு போட்டு வந்தார். என் முகத்தைப் பார்த்து, "இன்னா பண்ணப் போற?" என்று கேட்டார். கீரை ஆய்ந்துகொண்டே, பார்க்கலாம் என்று சொன்னேன். இன்று காலை அவர் பஸ் ஏறும் வரைக்கும் சொல்லவில்லை. மத்தியானம் ஆண்டாள் பள்ளி வழியாகப் போனார், என்னைப் பார்த்துவிட்டு நிற்காமல் போனார். கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். சொன்னால் சடையன் என்னைத் தடுப்பார். "வுடுங்க டீச்சரம்மா" என்பார். அதைக் கேட்டால் நான் விட்டாலும் விட்டுவிடுவேன், என்னை எனக்குத் தெரியும்.

போகியன்று நான் அடுப்பில் போட்டது கிழிந்த பாய் ஒன்றைத்தான். தகரப் பெட்டியைத் திறந்து உன் கடிதங்களைத் தேதிவாரியாக எடுத்து வைத்திருக்கிறேன். ஆகஸ்ட் இருபத்தெட்டு, அனுமதி பின்னால் வந்துவிடும் என்றது. அக்டோபர் ஆறு, இலையைக் குப்பையில் கொட்டினேன் என்றது. நவம்பர் இருபத்தொன்பது, எந்த மரமானாலும் பரவாயில்லை என்றது. பெட்டியின் அடியில் ஏழு வயதில் நீ எனக்கு எழுதிய முதல் கடிதம் கிடந்தது. சில மாதம் மட்டும் நீ இருந்த விடுதியிலிருந்து. அக்கா சீக்கிரம் வா என்று ஒரே வரி. அதைப் படித்துவிட்டு மறுபடி அடியிலேயே வைத்துவிட்டேன்.

மூன்று கடிதங்களும் அந்தத் தீப்பெட்டியும் பையில் இருக்கின்றன. கூடவே வெள்ளைத்தாள் ஒன்றில் நான் கைப்பட எழுதியதும் இருக்கிறது. அதிகாரிக்கு எப்படி எழுதுவது, எங்கே ஆரம்பிப்பது என்று நான்கு முறை கிழித்துப் போட்டேன். கடைசியில் வணக்கத்துக்கு அடுத்த முதல் வரியாக இதை எழுதினேன்: "ஐந்து சிலந்திகளையும் பிடித்து வரச் சொன்னது நான்."

நாளை சடையனைப் பத்து மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். அவர் எட்டரைப் பஸ்ஸில் மலை இறங்குவார். நான் ஆறரைப் பஸ்ஸில் போய்விடுவேன்.

செவ்வந்தி